திறந்த வயிற்றை மூடும் அறுவை முறைகள்: ஒரு மதிப்பாய்வு

திறந்த வயிறு என்பது, அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் வயிற்றுச் சுவரைத் தைக்காமல், குடல் முதலிய உள்ளுறுப்புகளைத் தற்காலிக உறையால் மட்டும் மூடி, நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பேணும் நிலையாகும். இது கவனக்குறைவால் நேர்வதன்று. உயிரைக் காப்பதற்காக அறுவை மருத்துவர் தெரிந்தே எடுக்கும் முடிவு. அவ்வாறு திறந்து வைத்த வயிற்றைப் பின்னர் மூடுவதற்குக் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல முறைகள் உருவாகியுள்ளன. அவற்றின் செயல்பாடு, நிறைகுறைகள், அவற்றுக்குச் சான்றாகக் காட்டப்படும் எண்களின் நம்பகத்தன்மை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வயிற்றைத் திறந்து வைப்பதற்கான காரணங்கள்

முதற்காரணம் கடுமையான காயம். விபத்திலோ துப்பாக்கிச் சூட்டிலோ அதிகக் குருதி இழந்தவரின் உடல் குளிர்கிறது, குருதியின் அமிலத்தன்மை கூடுகிறது, குருதி உறையும் திறன் குறைகிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று மோசமாக்கும். இந்நிலையில் நீண்ட நேர அறுவை நோயாளியைக் கொன்றுவிடலாம். எனவே குருதிப் பெருக்கை நிறுத்தி, குடல் கிழிசலை அடைத்து, அத்துடன் முடித்துக்கொண்டு நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புகின்றனர். உடல் தேறிய பின் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுவந்து எஞ்சிய வேலையை முடிக்கின்றனர். இவ்வணுகுமுறையை அமெரிக்காவில் ஸ்டோன் குழுவினர் 1983இல் விவரித்தனர். 1993இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ரொட்டோண்டோ, சுவாப் குழுவினர் இதற்குச் 'சேதக் கட்டுப்பாடு' என்னும் பெயரை வழங்கினர். சேதமடைந்த கப்பலை மூழ்காமல் காத்துக் கரை சேர்ப்பதைக் குறிக்கும் கடற்படைச் சொல் அது.

இரண்டாவது காரணம் வயிற்றறை அழுத்தம். தீவிர சிகிச்சையில் உள்ளவரின் வயிற்றறை அழுத்தம் இயல்பாக 5 முதல் 7 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். சிறுநீர்ப்பைக் குழாயின் வழியாக 25 மி.லி.க்கு மேற்படாத உப்புநீரைச் செலுத்தி இதை அளக்கலாம். அழுத்தம் 12ஐ எட்டினால் மிகை அழுத்தம். அது 20ஐத் தாண்டி நீடித்து, புதிதாக ஏதேனும் உறுப்பும் செயலிழந்தால் அது வயிற்றறை அழுத்த நோய்க்கூட்டம் எனப்படும். சிறுநீர் குறைகிறது, நுரையீரல் விரிய முடிவதில்லை, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. மற்ற வழிகள் பலனளிக்காவிட்டால் வயிற்றைத் திறப்பதே தீர்வு.

மூன்றாவது காரணம் குடல் ஓட்டையால் வயிறு முழுவதும் சீழ் பரவுதல், குடலின் ஒரு பகுதி குருதியின்றி அழுகுதல் போன்றவை. இவற்றில் ஓரிரு நாட்களில் மறுபடியும் உள்ளே பார்க்க வேண்டியிருக்கலாம்.

மூடுவது ஏன் கடினம்

வயிற்றுச் சுவரின் வலிமை தோலிலோ கொழுப்பிலோ இல்லை. ஃபேசியா என்று மருத்துவர்கள் அழைக்கும் உறுதியான தசையுறையில்தான் உள்ளது. நடுக்கோட்டில் அதை வெட்டியதும், இருபுறமும் உள்ள பக்கத் தசைகள் அதன் விளிம்புகளை வெளிநோக்கி இழுக்கின்றன. நாட்கள் செல்லச் செல்லத் தசை சுருங்கி அந்நிலையிலேயே இறுகிவிடுகிறது. அதே வேளையில் குடல் நீர் கோத்து வீங்குகிறது. இடைவெளி அகல்கிறது, உள்ளே இருக்கும் பொருளும் பெருக்கிறது.

மூன்றாவது இடர் ஒட்டுதல். குடலின் மேற்பரப்பு வயிற்றுச் சுவரின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முழுதும் ஒட்டி இறுகிய நிலை 'உறைந்த வயிறு' எனப்படும். அதன்பின் தசையுறையை நடுவுக்கு இழுக்க வழியில்லை. எல்லாவற்றிலும் கொடியது, திறந்து கிடக்கும் குடலிலேயே ஓட்டை விழுவது. இவ்வகைக் குடற்புழையைச் சுற்றித் தோல் இல்லாததால், கழிவைச் சேகரிக்கும் பையைக்கூட ஒட்ட முடியாது. மலநீர் காயத்தின் மீதே வழிந்துகொண்டிருக்கும். இத்தகைய நோயாளி பல மாதங்கள் மருத்துவமனையில் கிடக்க நேரும்.

பியோர்க் குழுவினர் 2009இல் வெளியிட்டு 2016இல் திருத்திய வகைப்பாடு இந்தப் படிநிலைகளையே பின்பற்றுகிறது. ஒட்டுதல் இல்லாத வயிறு முதல் நிலை, ஒட்டத் தொடங்கியது இரண்டாம் நிலை, உறைந்தது மூன்றாம் நிலை, புழை விழுந்தது நான்காம் நிலை. ஒரு முறை சிறந்ததா என்று கேட்பது, நோயாளியை முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைகளுக்கு வழுக்கிவிடாமல் அது காக்கிறதா என்று கேட்பதேயாகும்.

மறைக்கும் முறைகள்

தொடக்ககால முறைகளின் நோக்கம் குடலை மறைத்துக் காப்பது மட்டுமே. இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஓகில்வி 1940இல், போர்க்காயங்களில் வயிற்றுச் சுவரின் இடைவெளியை வாசலின் ஊட்டித் தூய்மையாக்கிய துணியால் மூடித் தைக்கும் முறையை எழுதினார்.

1984இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒஸ்வால்டோ பொராஸ் என்னும் இளம் மருத்துவர், நெகிழிப் பை ஒன்றை வெட்டி விரித்து, வயிற்று விளிம்புகளில் தைத்தார். பிற்காலத்தில் அது 'பொகோட்டா பை' என்றே பெயர் பெற்றது. சலைன் பை எல்லா மருத்துவமனையிலும் உண்டு, விலையும் மிகக் குறைவு. ஒளி ஊடுருவுவதால் குடலின் நிறம் கறுக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். குடலில் ஒட்டுவதும் இல்லை. வசதி குறைந்த மருத்துவமனைகளில் இன்றும் இது பயன்படுவதற்கு இவையே காரணம்.

ஆனால் அது ஒரு திரை மட்டுமே. தசையுறை விலகுவதை அது தடுப்பதில்லை. வயிற்று நீர் ஓரங்களில் கசிந்து படுக்கையை நனைக்கிறது, எவ்வளவு நீர் வெளியேறியது என்று கணக்கிட முடிவதில்லை. அந்நீரில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் நைட்ரஜன், அதாவது உடலின் புரதம், வெளியேறுகிறது என்பதால் இக்குறை சிறியதன்று. ஓரிரு நாட்களில் மூட முடியும் என்னும் வயிற்றுக்கு இப்பை போதும். ஒரு வாரம் நீளும் வயிற்றுக்கு இதை மட்டும் நம்புவது பின்னர் மூடவே முடியாத நிலையை வரவழைக்கும்.

உறிஞ்சும் முறைகள்

அடுத்த கட்டம் எதிர்மறை அழுத்தம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பார்க்கர் குழுவினர் 1990களில் உருவாக்கிய 'வெற்றிடக் கட்டு' எளிமையானது. துளையிட்ட நெகிழித் தாளைக் குடலின் மேல் விரித்து, ஈரத் துணியை அதன்மேல் பரப்பி, வடிகுழாய்களை வைத்து, ஒட்டும் படலத்தால் மூடிச் சுவர் உறிஞ்சியில் இணைப்பர். 2000ஆம் ஆண்டில் இம்முறையின் ஏழாண்டு அனுபவத்தை 112 நோயாளிகளைக் கொண்டு வெளியிட்டனர். பின்னர், நுரைப்பஞ்சும் தனி உறிஞ்சு பொறியும் கொண்ட வணிகக் கருவிகள் வந்தன. இவை வழக்கமாகச் சுமார் 125 மி.மீ. பாதரச அளவில் உறிஞ்சுகின்றன.

உறிஞ்சும் முறை கசிவை நிறுத்துகிறது, வெளியேறும் நீரை அளக்க உதவுகிறது, செவிலியரின் சுமையையும் குறைக்கிறது. வணிகக் கருவி கைவினைக் கட்டைவிட மேலானதா? கனடாவில் கிர்க்பாட்ரிக் குழுவினர் இதைச் சமவாய்ப்பு ஆய்வாகச் செய்து 2015இல் வெளியிட்டனர். பங்கேற்றவர்கள் 45 பேர். 90 நாள் இறப்பு வணிகக் கருவியில் 21.7 விழுக்காடு, பார்க்கர் கட்டில் 50 விழுக்காடு. வேறுபாடு பெரிது. ஆனால் ஆய்வு முதன்மையாக அளக்க முற்பட்டது குருதியில் உள்ள ஓர் அழற்சிப் பொருளை. அதில் வேறுபாடு தென்படவில்லை. தசையுறை மூடப்பட்ட விகிதமும் ஒத்தே இருந்தது. எதிர்பார்த்த வழியில் எந்த மாற்றமும் இன்றி இறப்பு மட்டும் பாதியாகக் குறைந்தது என்றால், 45 பேர் கொண்ட ஆய்வில் அது தற்செயலாகவும் இருக்கலாம். மற்றோர் ஆய்வு உறுதிசெய்யும் வரை, விலை மிகுந்த கருவி இல்லாத மருத்துவமனை தன் நோயாளிக்கு அநீதி இழைக்கிறது என்று சொல்ல இச்சான்று போதாது.

உறிஞ்சுதலால் குடலில் புழை விழுமோ என்னும் அச்சமும் உண்டு. மெம்ஃபிஸ் நகரில் பீ குழுவினர் 2008இல் 51 பேரிடம் செய்த ஒப்பீட்டில், உறிஞ்சு முறையில் 21 விழுக்காட்டினருக்கும் கரையும் வலை முறையில் 5 விழுக்காட்டினருக்கும் புழை ஏற்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. எனினும் அதே ஆய்வில் மூடல் விகிதங்கள் 31, 26 விழுக்காடு என இரு பக்கமும் தாழ்வாகவே இருந்தன என்பது கவனிக்கத்தக்கது. உறிஞ்சுதல் மட்டும் தசையுறையை நடுவுக்குக் கொண்டுவருவதில்லை.

இழுக்கும் முறைகள்

விளிம்புகளை விலக விடாமல் பிடித்து, சிறிது சிறிதாக நடுவுக்கு இழுப்பது மூன்றாம் வகை. விட்மன் ஒட்டு இவற்றுள் முன்னோடி. காலணியில் பயன்படும் கொக்கி ஒட்டுப் பட்டையைப் போன்ற இரு தாள்களை இருபுறத் தசையுறையிலும் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவர். ஒவ்வொரு முறை திறந்து பார்த்த பின்னும் சற்று இறுக்கி ஒட்டலாம், மிகுந்ததை வெட்டிவிடலாம்.

மீள்தன்மையுள்ள இழைகளை வயிற்றுச் சுவரின் முழுத் தடிமனிலும் செலுத்தி, தோலின் மேல் பொத்தான்களில் இழுத்துக் கட்டும் இயங்குதையல் மற்றொரு வழி. இழுவை இடைவிடாமல் இருக்கும். ஆனால் பொத்தான் அழுத்தும் இடத்தில் தோல் புண்ணாகக்கூடும்.

இன்று அதிகம் பேசப்படுவது, சுவீடனில் பீட்டர்சன், அகோஸ்டா, பியோர்க் ஆகியோர் 2007இல் விவரித்த, உறிஞ்சுதலையும் வலை இழுவையையும் இணைக்கும் முறை. முதலில் குடலைச் சூழ, பக்கவாட்டுப் பள்ளங்கள் வரை செல்லும் நெகிழித் தாளை இடுகின்றனர். இதனால் குடல் சுவரோடு ஒட்டுவதில்லை. அதன்மேல் பாலிபுரொப்பிலீன் வலையை இருபுறத் தசையுறை விளிம்புகளிலும் தைக்கின்றனர். மேலே உறிஞ்சும் கட்டு. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கட்டு மாற்றும்போது வலையை நடுவில் வெட்டி, உள்ளே பார்த்து, இன்னும் இறுக்கமாக இழுத்துத் தைக்கின்றனர். இடைவெளி சில செ.மீ. ஆனதும் வலையை நீக்கித் தசையுறையையே தைத்து மூடுகின்றனர்.

ஒட்டுதல், கசிவு, விலகல் ஆகிய மூன்று இடர்களையும் ஒருசேர எதிர்கொள்வதே இம்முறையின் சிறப்பு. இதற்குத் தேவையான வலை குடலிறக்க அறுவை நடக்கும் இடங்களில் எல்லாம் உண்டு. உறிஞ்சும் பகுதிக்குக் கைவினைக் கட்டையும் கொள்கையளவில் பயன்படுத்தலாம். அதாவது இம்முறையின் பயன் கருவியின் விலையில் இல்லை, இழுவையைத் தொடங்கும் நாளில் உள்ளது. தசை இறுகிய பிறகு வலை வைத்து இழுப்பது காலம் கடந்த செயல்.

பக்கத் தசைகளைத் தளர்த்த போட்டுலினம் ஊசி போடும் முயற்சியும் நடந்தது. 46 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில் மூடல் விகிதம் கூடவில்லை.

மூட முடியாதபோது

எல்லா வயிறும் மூடாது. வலிந்து மூடினால் அழுத்தம் மீண்டும் ஏறி, தொடங்கிய இடத்துக்கே நோயாளி திரும்புவார். மெம்ஃபிஸின் ஃபேபியன் குழுவினர் 1994இல் இதற்கொரு படிமுறை வகுத்தனர். கரையும் வலையால் தற்காலிகமாக மூடி, குடலின் மேல் சிவந்த புதுத் திசு வளர்ந்ததும் தோல் ஒட்டு வைத்து, பெரிய குடலிறக்கத்தைத் தெரிந்தே ஏற்று, நோயாளியை வீட்டுக்கு அனுப்புகின்றனர். பல மாதங்கள் கழித்து, தோல் ஒட்டைக் குடலிலிருந்து கிள்ளித் தூக்க முடிகிற நிலையில் வயிற்றுச் சுவரை மீட்டமைக்கின்றனர். அப்போது பயன்படுவது, ராமிரெஸ் 1990இல் விவரித்த, தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தும் முறை. இடுப்பு மட்டத்தில் ஒவ்வொரு புறமும் 10 செ.மீ. வரை இதனால் பெறலாம்.

இப்பிரிப்பு முறையைத் தீவிர நோய்க்கட்டத்திலேயே கையாளும் ஆசை எழுவது இயல்பு. அது தவறான இடத்தில் செலவிடும் சேமிப்பாகும். சீழும் வீக்கமும் உள்ள வயிற்றில் அது தோற்றால், பின்னாளில் மீட்டமைக்க அந்தத் தசை அடுக்குகள் மிஞ்சியிருக்காது.

மூடும் நாளின் தையலுக்கும் விதி உண்டு. பயன்படும் நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப் போல் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. நெதர்லாந்தில் 560 பேரிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வில், 5 மி.மீ. இடைவெளியில் இட்ட சிறு தையல்கள் ஓராண்டில் குடலிறக்கத்தை 21இலிருந்து 13 விழுக்காடாகக் குறைத்தன. ஆனால் அவர்கள் திட்டமிட்ட அறுவைக்கு வந்தவர்கள். பலமுறை திறந்து மூடிய, வீங்கிய தசையுறைக்கு அம்முடிவை அப்படியே பொருத்துவது ஊகமே. வலை இழுவையால் மூடப்பட்ட சுவீடன் நோயாளிகளை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பலரிடம் குடலிறக்கம் காணப்பட்டது. மூடப்பட்டது என்பதும் உறுதியாக நின்றது என்பதும் ஒன்றல்ல.

எண்களைப் படிக்கும் முறை

இத்துறையின் ஆய்வுகள் 'மூடல் விகிதம்' என்னும் ஒற்றை எண்ணில் தங்கள் வெற்றியைச் சொல்கின்றன. அந்த எண்ணை நான்கு வகையில் ஐயுற வேண்டும்.

முதலாவது, வகுக்கும் எண். எடுத்துக்காட்டாக, 100 பேரில் 30 பேர் மூடுமுன்னரே இறந்து, எஞ்சியோரில் 56 பேருக்கு மூடப்பட்டதாகக் கொள்வோம். எல்லோரையும் கணக்கிட்டால் விகிதம் 56, பிழைத்தவர்களை மட்டும் கணக்கிட்டால் 80. இரண்டும் பொய்யல்ல, ஆனால் இரு ஆய்வுகள் வெவ்வேறு கணக்கைப் பயன்படுத்தினால் ஒப்பிட முடியாது. அகோஸ்டா குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு இதில் நேர்மையானது. 111 பேரையும் சேர்த்து 76.6 விழுக்காடு என்றும், சிகிச்சையைத் திட்டப்படி முடித்தவர்களில் 89 விழுக்காடு என்றும் இரண்டையும் தந்தது. விளம்பரங்களில் இத்தகைய எண்களில் பெரியது மட்டுமே இடம்பெறும் வாய்ப்பு உண்டு என்பதை வாசகர் நினைவில் கொள்ளலாம்.

இரண்டாவது, நோயாளி யார் என்பது. காயம்பட்ட இளைஞரின் வயிறும், பல நாள் சீழோடு வந்த முதியவரின் வயிறும் ஒன்றல்ல. 2009இல் வந்த ஒரு தொகுப்பாய்வு விட்மன் ஒட்டுக்கு 90, இயங்குதையலுக்கு 85, உறிஞ்சுதலுக்கு 60 விழுக்காடு மூடல் என்றது. காயமல்லாத நோய்களை மட்டும் எடுத்து அட்டேமா குழுவினர் 2015இல் 4,358 நோயாளிகளைத் தொகுத்தபோது, இயங்குதையலின் விகிதம் 73.6 ஆயிற்று. உறிஞ்சுதல் மட்டும் 51.5, உறிஞ்சுதலோடு தொடர் இழுவை 73.1. புழை விழுந்தோர் உறிஞ்சுதலில் 14.6, இழுவை சேர்ந்தபோது 5.7 விழுக்காடு.

மூன்றாவது, எத்தனை பேர் என்பது. மேற்கண்ட 73.6, 73.1 என்னும் எண்கள் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரிகின்றன. ஆனால் முன்னது 77 பேரிடமிருந்தும் பின்னது 463 பேரிடமிருந்தும் பெறப்பட்டது. முன்னதன் உண்மை மதிப்பு 51 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம். ஒட்டுமொத்தச் சான்றின் தரம் தாழ்வானது என்று அத்தொகுப்பின் ஆசிரியர்களே எழுதியுள்ளனர்.

நான்காவது, காரணமும் விளைவும். காயத்துக்காகத் திறந்து வைத்த 344 வயிறுகளைப் பற்றி மில்லர் குழுவினர் 2005இல் எழுதியதில், 8 நாட்களுக்குள் மூடியவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், அதற்குப்பின் மூடியவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. விரைந்து மூடுவதற்கு இது நல்ல சான்றுதான். ஆயினும் முன்கூட்டியே மூட முடிந்தவர்கள் தொடக்கத்திலிருந்தே நோய் குறைந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். மூடியதால் நலம் பெற்றார்களா, நலமாக இருந்ததால் மூட முடிந்ததா என்பதை இந்த எண்கள் பிரித்துக் காட்டுவதில்லை.

திறக்கத்தான் வேண்டுமா

மூடும் முறைகளைப் பற்றிய வாதத்தில் மறைந்துபோகும் கேள்வி இது. 1993ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வில் மொத்தம் 46 பேர். இரு முறைகளிலும் பிழைத்தோர் 55, 58 விழுக்காடு என ஏறத்தாழச் சமம். பெருங்குழாயும் பல உறுப்புகளும் ஒருசேரக் காயமுற்ற 22 பேரிடம்தான் 11க்கு 77 விழுக்காடு என்னும் பெரும் வேறுபாடு தென்பட்டது. அக்குறுகிய பிரிவினருக்கு உரிய பாடம் பின்னர் மற்ற பலருக்கும் நீட்டிக்கப்பட்டது. ஹியூஸ்டன் நகரின் காயச் சிகிச்சை மையம் ஒன்று தன் முடிவுகளைத் தானே மறுபரிசீலனை செய்து, திறந்து வைக்கும் விகிதத்தை 39இலிருந்து 23 விழுக்காடாகக் குறைத்தது. இறப்பு கூடவில்லை.

சீழ் பரவிய வயிற்றிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். மெக்சிகோவில் ரொப்லேடோ குழுவினர் 40 பேரிடம் செய்த ஆய்வில் திறந்து வைத்தோரில் 55, மூடியோரில் 30 விழுக்காட்டினர் இறந்தனர். வேறுபாடு உறுதிப்படாவிட்டாலும் ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டது. அதில் கரையாத வலை பயன்பட்டதால், இன்றைய உறிஞ்சு முறைகளுக்கு அம்முடிவை நேராகப் பொருத்த இயலாது. நெதர்லாந்தில் 232 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, நாள் குறித்து மீண்டும் திறப்பதைவிடத் தேவைப்பட்டால் மட்டும் திறப்பதால் இறப்பு கூடவில்லை என்று காட்டியது. மறு அறுவை 94 விழுக்காட்டினருக்குப் பதில் 42 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளில் குறைகள் இருந்தாலும் அவை ஒரே திசையைக் காட்டுகின்றன. மறைப்பது மட்டும் போதாது. உறிஞ்சுவது நல்லது, ஆனால் அதுவும் தனியாகப் போதாது. தசையுறையை இழுத்துப் பிடிப்பதை உறிஞ்சுதலோடு சேர்ப்பது இன்றைக்குச் சிறந்த தெரிவு. இதை ஒரு கருவியின் வெற்றியாகப் படிப்பது தவறு. வயிற்றை மூடும் வேலை, கடைசி நாளில் ஊசியையும் நூலையும் எடுக்கும்போது தொடங்குவதில்லை. திறந்த நாளிலேயே, குடலுக்கும் சுவருக்கும் இடையில் தாளை விரிப்பதிலும், விளிம்புகளை விலக விடாமல் பிடிப்பதிலும், நாளும் எவ்வளவு நீர் ஏற்றுவது என்னும் முடிவிலும் தொடங்குகிறது. அளவுக்கு மீறி ஏற்றிய சலைன் குடலை வீங்கச் செய்து, எந்த வலையாலும் இழுக்க முடியாத வயிற்றை உருவாக்கிவிடும். எனவே மூடல் விகிதம் அறுவை மருத்துவரின் கைத்திறனை மட்டும் காட்டுவதன்று. தீவிர சிகிச்சை மருத்துவர், செவிலியர், ஊட்டச்சத்து வல்லுநர் ஆகியோரின் கூட்டு உழைப்பையும் அது காட்டுகிறது.

இத்துறையைப் படிக்கும் மாணவர் எந்த முறையைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்த வயிற்றைத் திறந்து வைப்பது தேவையா? தேவையெனில் முதல் நாளிலிருந்தே மூடலுக்கான ஏற்பாடு நடக்கிறதா? வெற்றி என்று சொல்லப்படும் எண்ணில் இறந்தவர்களும் எண்ணப்பட்டுள்ளனரா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை தரும் மருத்துவமனை, சலைன் பையை வைத்திருந்தாலும் விலையுயர்ந்த பொறியை வைத்திருந்தாலும், நோயாளிக்கு உரிய நியாயத்தைச் செய்கிறது எனலாம்.